சுவரில் சிவந்த செண்டுமல்லி

1997 நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, திண்டுக்கல் நாகல்நகரில் ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில், கடைசி வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

அந்த வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கதவில் தொங்கிய பூட்டு ஒரு சிறிய தேங்காய் அளவு இருக்கும். ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பூட்டு என்று முதல் வீட்டு அன்புக்கரசி பல தடவை யோசித்திருக்கிறாள். வெளியே இருப்பவர்கள் உள்ளே போகாமல் இருக்கவா, உள்ளே இருப்பது வெளியே வராமல் இருக்கவா?

அன்புக்கரசிக்குப் பத்து வயது. செபாஸ்தியம்மாளை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர்தான் அந்த வீட்டில் முன்பு தனியாகக் குடியிருந்தவர். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் தைப்பார். தலையணை உறை, பாவாடை, பை, எது தைத்தாலும் ஒரு மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பூ போட்டுத்தான் கொடுப்பார். வேண்டாம் என்றாலும் போட்டுவிடுவார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. மெஷினை உறவுக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

மெஷின்தான் போனது, சத்தம் போகவில்லை என்று மூன்றாம் வீட்டுப் பேச்சாயி அத்தை சொல்லுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த ஜன்னல் பக்கம் செத்த நேரம் நின்றால் டக டகவென்று கேட்குமாம்.

பேச்சாயி அத்தை பூக் கட்டுபவர். பூச்சந்தையில் மல்லிகை வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து சரம் தொடுப்பார். கை ஒரு பக்கம் பூக் கட்டிக்கொண்டிருக்கும்; வாய் ஒரு பக்கம் கதை கட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே இடையில் அறுந்து போகாது.

இப்போது அந்த வீட்டுக்குக் குடிவரப் போகிறவர்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்கள். அப்பா மணிமாறனுக்குத் திண்டுக்கல்லில் ஒரு காய்கறி மண்டியில் வேலை கிடைத்திருந்தது. அம்மா ஜக்கம்மாள். அவர்களுக்கு ஒரே மகள், ஜீவிதா. அன்புவின் வயதுதான்.

வீடு பார்க்க வந்த அன்று பெரியவர்கள் குழாயையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவிதா மட்டும் காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தரை முழுவதும் சிமெண்ட். ஒரு புல்கூடக் கிடையாது. பிறகு அன்புவிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இங்க பூச்செடியே இல்லீங்களா?"

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வயற்காடு முழுக்கச் செண்டுமல்லி போட்டிருந்தார்களாம். காலையில் கதவைத் திறந்தால் மஞ்சளாக இருக்குமாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் தேய்ந்துபோனது. அந்தக் கேள்வி அன்புவின் மனதிலேயே தங்கிவிட்டது.

அன்புவுக்குப் பூ வரையத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வரைவது போல அல்ல. அங்கே பென்சிலால் கோடு போட்டு, ரப்பரால் அழித்து, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிக்க வேண்டும். அவள் வண்ணம் எப்போதும் கோட்டைத் தாண்டிவிடும். அவளாகக் கண்டுபிடித்த முறை வேறு. ஒரு நாள் மழையில் நனைந்த நோட்டில் பேனா கசிந்து, நீல மை ஈரத்தில் தானாகவே ஓடி இதழ் இதழாக விரிந்தது. அதிலிருந்து அவள் பென்சிலைத் தொடுவதில்லை. காகிதத்தைத் தண்ணீரால் நனைப்பாள். வண்ணத்தைத் தொட்டுக் கையை நிறுத்தாமல் ஒரு சுழி. அது பூ. பிறகு மையில் ஈர்க்குச்சியைத் தோய்த்து, காற்றில் ஆடுவது போல நாலு கோடு. அது இதழின் நரம்பு, காம்பு, இலை. எங்கே வழிந்தாலும் விட்டுவிடுவாள். வழிந்தால்தான் அது பூ மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை மாலை வெள்ளையடித்து முடித்த சுவரைப் பார்த்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. பெரிய ஈரக் காகிதம் போல இருந்தது. நாளைக் காலையில் ஜீவிதா வருவாள். வாசல் பக்கம் செண்டுமல்லி பூத்திருந்தால்?

ஒரு சிக்கல். காம்பவுண்டுக்காரர் அழகர் தாத்தா, புதுச் சுவரில் ஒரு விரல் பட்டாலும் காதைத் திருகிவிடுவதாகச் சொல்லியிருந்தார். பூ வரைந்தால் திருக மாட்டார், பாராட்டுவார் என்று அன்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு சிக்கல், வண்ணப் பெட்டியில் மஞ்சள் தீர்ந்திருந்தது. பூ வரைகிறவர்களுக்கு மஞ்சள்தான் முதலில் தீரும். சமையலறையில் அம்மா இல்லாத நேரம் பார்த்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் தூளை எடுத்துக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டாள். பெரிய சுவருக்குப் பெரிய பிரஷ் வேண்டும். அப்பாவின் பழைய ஷேவிங் பிரஷ் கிடைத்தது. மை பாட்டிலையும் ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கரண்ட் போய்விட்டது.

அவளுக்கு அது வசதியாகத்தான் பட்டது. யாரும் பார்க்க மாட்டார்கள்.

வானம் மூடியிருந்தது. மலைக்கோட்டை இருக்கும் பக்கம் ஒரே கருப்பு. கடைசி வீட்டுச் சுவர் மட்டும் இருட்டில் வெள்ளையாக நின்றது. கிட்டே போனால் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

ஷேவிங் பிரஷை நனைத்து முதல் பூவைச் சுழித்தாள். மஞ்சள் தெரியவில்லை. இருட்டில் அந்த இடம் கொஞ்சம் கருத்தது, அவ்வளவுதான். பரவாயில்லை, கைக்குத் தெரியும். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஐந்து பூ போட்டாள். அடுத்து மையைத் தொட்டுக் காம்பு இழுத்தாள்.

கோடு விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. பிறகு இல்லை.

இன்னொரு கோடு இழுத்தாள். அதுவும் அப்படியே, சுவருக்குள் யாரோ உறிஞ்சிக்கொள்வது போலப் போய்விட்டது. இருட்டுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து பூக்களுக்கும் கோடு போட்டு முடித்தாள். கை மட்டும் லேசாக நடுங்கியது.

அப்போது கேட்டது. டக டக டக.

கூட்ஸ் வண்டி போனால் அப்படித்தான் கேட்கும். ஸ்டேஷன் பக்கம்தானே. ஆனால் வண்டி போனால் ஹாரன் சத்தமும் வருமே? அன்பு அதற்கு மேல் யோசிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

குளியலறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். விரல் இடுக்கிலிருந்து நுரை வழிந்தது. சிவப்பாக.

விரல்களை விரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் வெட்டு இல்லை, கீறல் இல்லை, வலியும் இல்லை. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். அன்று வீட்டில் முட்டைக் குழம்பு. அவள் முட்டைக் குழம்பை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் காம்பவுண்டுக்குள் ஒரு டெம்போ வந்து நின்றது. கட்டில், பாத்திர மூட்டை, பீரோ எல்லாம் அதில் இருந்தன. அதன்மேல் தார்ப்பாய். ஜக்கம்மாள் பால் காய்ச்சப் புதுப் பாத்திரத்தோடு இறங்கினார். அன்பு வாசலுக்கு ஓடிவந்தாள். ஜீவிதாவின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஜீவிதாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

வெள்ளைச் சுவரில் பூக்கள் இருந்தன. ஆனால் மஞ்சள் இல்லை. ரத்தச் சிவப்பு. காம்பு இல்லை, இலை இல்லை, ஒரு கோடு இல்லை. சிவப்புச் சுழிகள் மட்டும் தனித்தனியாகச் சுவரில் தொங்கின. இரண்டு பூக்களிலிருந்து சிவப்பு கீழே வழிந்து காய்ந்திருந்தது.

அன்பு வரைந்தது இது அல்ல. அவள் போட்ட நீலம் எங்கே? அவள் போட்ட மஞ்சளின் மேல் யார் கை வைத்தது?

பேச்சாயி அத்தை பூக்கூடையோடு வந்தவர், கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"செவப்புப் பூ," என்றார் மெதுவாக. "இன்னைக்கு என்ன நாளு? கல்லறைத் திருநாள், செத்தவுகளுக்கு மெழுகுவத்தி ஏத்துற நாளு. செபாஸ்தியம்மா வந்து போட்டுட்டுப் போயிருக்கு."

அவர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அன்று மெதுவாகப் பேசியதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. யார் செபாஸ்தியம்மா என்று ஜக்கம்மாள் கேட்டார். பேச்சாயி அத்தை சொன்னார். காய்ச்சல், மெஷின், சத்தம், சிவப்பு நூல், ஒன்றையும் விடவில்லை. அழகர் தாத்தா வந்து யாரோ பிள்ளைகள் வேலை என்று அதட்டினார். ஆனால் அவரும் சுவருக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

ஜக்கம்மாள் வாசற்படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். இந்த வீட்டில் பிள்ளையைப் படுக்கவைக்க மாட்டேன் என்று கணவரிடம் சொன்னார். மணிமாறன் தணிந்த குரலில் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. வேறு வீடு பார்க்க நாளாகும். கடைசியில் முடிவானது இதுதான்: ஜக்கம்மாளும் ஜீவிதாவும் சாமான்களோடு இதே டெம்போவில் ஊரில் உள்ள ஜீவிதாவின் மாமா வீட்டுக்குத் திரும்பிப் போவது, அவர் மட்டும் மண்டியிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வது. டெம்போக்காரர் மத்தியானத்துக்குள் ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏற்ற வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

ஜீவிதா அழவில்லை. அப்பாவின் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி விடவே இல்லை.

அன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான்தான் வரைந்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் என்ன வரைந்தாய் என்று கேட்டால்? மஞ்சள் பூ, நீலக் கோடு என்றால் யார் நம்புவார்கள்? அதைவிட, அவளுக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. ராத்திரி அவள் போன பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் யார் நின்றது?

"போறதுதான் போறீக. ஆலம் சுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டுட்டுப் போங்க," என்றார் பேச்சாயி அத்தை. "இல்லாட்டி அது வண்டியில ஏறிக் கூடவே வந்துரும்."

டெம்போக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். சீக்கிரம் சுத்துங்க என்றார்.

பேச்சாயி அத்தை தட்டு கொண்டுவந்தார். அன்புவைச் சொம்பில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கினார். மஞ்சளாக இருந்தது, செண்டுமல்லி மஞ்சள். பிறகு இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் கரைத்தார்.

விரல் சுற்றிய இடமெல்லாம் சிவந்தது.

அன்பு கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கும் ஆலத்தட்டைப் பார்த்திருக்கிறாள். அது எப்போதும் சிவப்பாகவே வரும். அதைக் கரைப்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஒரே சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் மஞ்சள்.

ராத்திரி கையிலிருந்து வழிந்த நுரையும் நினைவுக்கு வந்தது.

சொம்பு கையில் குளிர்ந்தது. அப்படியானால் மேலே கை வைத்தது யாரும் இல்லை, சுவர்தான். ஆனால் நீலம்? நீலத்தை என்ன செய்தது?

பேச்சாயி அத்தை மூன்று பேரையும் நிற்கவைத்து ஆலம் சுற்றினார். அடுத்து எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, அரிவாள்மனையில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமும் எறிந்தார். பதற்றத்தில் கை தவறிவிட்டது. ஒரு பாதி நேராகச் சுவரில், முதல் பூவின் மேல் பட்டென்று மோதி, சாறு தெறிக்கக் கீழே விழுந்தது.

சாறு பட்ட இடம் மெல்ல நிறம் மாறியது. சிவப்பின் நடுவே மஞ்சள் திட்டுகள் தோன்றின. மஞ்சளுக்குள்ளிருந்து, தோலுக்கு அடியில் தெரியும் நரம்பு போல, ஒரு நீலக் கோடு மேலே வந்தது.

"பாத்தீகளா," என்றார் பேச்சாயி அத்தை. "எலுமிச்சைக்குப் பயந்து நெறம் மாறுது."

எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அன்பு மட்டும் முன்னால் போனாள். அந்தக் கோடு கொஞ்சம் வளைந்து, பாதியில் நடுங்கி, மறுபடி நிமிர்ந்து போயிருந்தது. அந்த நடுக்கத்தை அவளுக்குத் தெரியும். நேற்று அவள் கை நடுங்கிய இடம்.

கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாவது பூவின் மேல் பிழிந்தாள். சிவப்பு கரைந்து மஞ்சள் வந்தது. காம்பு வந்தது. காம்பிலிருந்து ஒரு இலை வந்தது.

"இது நான் வரைஞ்சது," என்றாள். "ஜீவிதாவுக்காக. செண்டுமல்லி."

அழகர் தாத்தா அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பயந்துபோன கூட்டத்தைத் தேற்றுவதற்காகப் பிள்ளை பொய் சொல்கிறது என்று பேச்சாயி அத்தை இரக்கப்பட்டார். அன்புவுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு ஓடி, ஒரு காகிதத்தையும் ஷேவிங் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தில் அதே பூ இருந்தது. சுவருக்குப் போகும் முன் அதே மஞ்சள் தூளில் பழகிப் பார்த்தது. மஞ்சள் சுழி, நீலக் கோடு, வழிந்த காம்பு.

மாடிப்படிக்கு அடியில் மிச்சச் சுண்ணாம்பு வாளி இருந்தது. அதில் பிரஷைத் தொட்டுக் காகிதத்துப் பூவின் மேல் பூசினாள். எல்லோர் கண்முன்னாலும் மஞ்சள் சிவந்தது. நீலக் கோடு மங்கி, மங்கி, காணாமல் போனது. பிறகு எலுமிச்சைச் சாற்றை விட்டாள். சிவப்புப் போனது. நீலம் வந்தது.

ஜக்கம்மாள்தான் முதலில் பக்கத்தில் வந்தார். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சப் பட்ட சீலையைச் சோப்புல போட்டா இப்படித்தான் செவக்கும்," என்றார் தனக்குள் பேசுவது போல. "நாமளே எத்தன வாட்டி பார்த்திருக்கறோம்." பிறகு அன்புவைப் பார்த்தார். "எங்க புள்ளைக்காகவா வரஞ்சே, கண்ணு?"

அன்பு தலையாட்டினாள். மஞ்சள் தூள் யாருடையது என்று அவள் அம்மா இன்னாசியம்மாள் பின்னாலிருந்து கேட்டார். ஷேவிங் பிரஷ் யாருடையது என்றும் கேட்டார். அதற்கெல்லாம் அன்பு தலையாட்டவில்லை.

புதுச் சுவரில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று அழகர் தாத்தா ஆரம்பித்தார். இருக்கட்டுமுங்க, எங்க வாசல்தானுங்களே என்றார் ஜக்கம்மாள். தாத்தா காதைத் திருகக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, தன் காதையே சொறிந்துகொண்டார்.

டெம்போக்காரர் தார்ப்பாயை அவிழ்த்தார். மணிமாறனும் அவரும் கட்டிலை இறக்கினார்கள். ஜக்கம்மாள் அடுப்பு மூட்டிப் பால் வைத்தார். பேச்சாயி அத்தை இரண்டு முழம் மல்லிகையை ஜீவிதாவின் தலையில் வைத்துவிட்டு, தனக்கு முதலிலேயே சந்தேகம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சத்தமாகவே சொன்னார்.

பால் பொங்குவதற்குள் அன்புவும் ஜீவிதாவும் மிச்சப் பூக்களுக்கு எலுமிச்சை பிழிந்தார்கள். ஒவ்வொன்றாக மஞ்சளாகின. கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஐந்தாவது பூவும் முடிந்தது. அன்பு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இதொண்ணு மட்டும் மாறவே மாட்டேங்குதுங்க," என்றாள் ஜீவிதா.

அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் கட்டைக்குக் கீழே, முன்பு தையல் மெஷின் இருந்த உயரத்தில், ஒரு சின்னச் சிவப்புப் பூ. ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். வழியவில்லை. கலங்கவில்லை. நெருக்கமான சின்னச் சின்னக் கோடுகளாக, நூலால் போட்டது போல இருந்தது. அதன் மேல் எலுமிச்சைச் சாறு வழிந்துகொண்டிருந்தது. பூ சிவப்பாகவே இருந்தது.

அன்பு குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இத நான் வரையல."

வெள்ளையடித்த கருப்பணன் அண்ணன் கூலி வாங்க வந்தபோது அன்பு அவரிடம் கேட்டாள். பழைய பெயிண்டு ஏதாவது அடியில் இருந்திருக்குமா? இல்லையே, அந்தப் பக்கச் சுவரைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தானே அடித்தேன் என்றார் அவர். அழகர் தாத்தா, எங்கேயாவது விட்டுப்போயிருக்கும் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பேச்சாயி அத்தையிடம் அன்புவும் ஜீவிதாவும் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் டெம்போ மறுபடி வந்திருக்கும்.

"பயமா இருக்கா?" என்று அன்பு கேட்டாள்.

ஜீவிதா அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தம்மாவும் நாங்க வாரோம்னுதான் வரஞ்சிருப்பாங்களோ என்னமோ," என்றாள்.

அன்று மாலை அன்புவின் வீட்டார் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஜக்கம்மாளிடம் சொல்லிவிட்டு ஜீவிதாவும் கூட வந்தாள். எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவத்தி எரிந்தது. செபாஸ்தியம்மாளின் கல்லறையில் இரண்டு பேரும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். அன்பு ஒரு காகிதத்தில் பூ வரைந்து கொண்டுவந்திருந்தாள். மஞ்சள் சுழி, நீலக் கோடு. காற்றில் பறந்துபோகாமல் அதன் மேல் ஒரு கல் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது விளக்கு வைக்கும் நேரம். காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் இருவரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். டக டக டக என்று ஒரு சத்தம். எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை. செத்த நேரத்தில் நின்றுவிட்டது.

"கூட்ஸ் வண்டி," என்றாள் அன்பு.

"ஆமாங்க, கூட்ஸ் வண்டிதான்," என்றாள் ஜீவிதா.

ஜீவிதாவின் குடும்பம் 2004 வரை அந்த வீட்டில் குடியிருந்தது. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தார்கள். செண்டுமல்லிகள் ஒவ்வொரு தடவையும் மறைந்துபோகும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அன்பு வந்து மறுபடி வரைவாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு கையகலத்துக்கு மட்டும் யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.